காரியாலயத்திற்குச் சொந்தமாக ஒரு தொலைபேசி நிலையம்

இன்று கிராமங்களில் தொலைபேசி இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவரிடமும், சந்தைக்குச் செல்லும் பெண்ணிடமும் அது இருக்கிறது. ஆயினும், ஒரு காரியாலயத்தைத் தொலைபேசியில் அழைத்துத் தம் அலுவலை முடித்துக்கொண்டோம் என்று எல்லோராலும் சொல்ல முடிவதில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுப்பார் இரார். எடுத்தாலும், "அந்த விஷயத்தைக் கவனிப்பவர் வேறு அறையில் இருக்கிறார், பிறகு கூப்பிடுங்கள்" என்ற பதில் வரும். மறுநாள் அவர் பஸ் ஏறி நேரிலேயே வருகிறார். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் அவருக்கு நஷ்டமாகின்றன.

இந்தக் குறைக்குக் காரணம் தொலைபேசிகள் போதாமை அன்று. காரியாலயத்திற்குள் வந்து சேரும் அழைப்பை உரியவரிடம் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இல்லாமையே காரணம். அத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொள்ள முன்பெல்லாம் விலை உயர்ந்த தனி இயந்திரம் ஒன்றை வாங்கவேண்டியிருந்தது. இப்பொழுது ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரையும், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளையும், இணைய இணைப்பையும் கொண்டு காரியாலயமே தன் தொலைபேசி நிலையத்தை அமைத்துக்கொள்ள இயலும். அதன் தன்மை யாது, அதனை எவ்வாறு அமைப்பது, ஏற்கெனவே உள்ள தொலைபேசிகளோடும் பதிவேடுகளோடும் எவ்வாறு இணைப்பது, எவற்றில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நிலையம் யார் கையில்?

தொலைபேசி தோன்றிய தொடக்கக் காலத்தில், பேச விரும்புவோர் முதலில் நிலையத்தில் அமர்ந்திருக்கும் ஊழியரை அழைத்து, இன்னாரோடு இணைக்குமாறு கேட்பர். ஊழியர் கம்பியைச் செருகி இணைப்புத் தருவார். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திவந்தார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலைய ஊழியர் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக அவர் சந்தேகித்தார் என்று சொல்லப்படுகிறது. ஊழியரின் தயவின்றித் தானே இணைப்புத் தரும் இயந்திரத்தை அவர் உருவாக்கி, 1891-இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். தானியங்கித் தொலைபேசி நிலையங்களுக்கு அதுவே தொடக்கம்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அழைப்பு எங்கே செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர், அழைத்தவரின் காரியம் கைகூடுமா என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறார். ஆகவே தொலைபேசி நிலையத்தின் விதிகளை வகுக்கும் பொறுப்பு, அதனால் பயன் பெறுவோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களிடம் இருப்பதே முறையாகும்.

ஆஸ்டரிஸ்க் தோன்றிய விதம்

1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில் மார்க் ஸ்பென்ஸர் என்ற கல்லூரி மாணவர், லினக்ஸ் என்னும் கம்ப்யூட்டர் அமைப்பை உபயோகிப்போருக்கு உதவி செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களின் அழைப்புகளைப் பங்கிட்டுத் தர அவருக்கு ஒரு தொலைபேசி நிலையம் தேவைப்பட்டது. அப்பொழுது விற்கப்பட்ட இயந்திரங்களின் விலை அவருடைய சக்திக்கு மிஞ்சியதாக இருந்தது. எனவே அவர் லினக்ஸ் கம்ப்யூட்டரிலேயே அந்த வேலையைச் செய்யும் மென்பொருளைத் தாமே எழுதினார். அதற்கு நட்சத்திரக் குறியின் ஆங்கிலப் பெயராகிய 'ஆஸ்டரிஸ்க்' என்பதையே சூட்டி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். பல நாடுகளைச் சேர்ந்தோர் அதில் திருத்தங்களும் சேர்க்கைகளும் செய்தனர். 2004-இல் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஆஸ்டரிஸ்க்கை எழுத்துக் கட்டளைகளால் அன்றி, வலைப்பக்கத்தில் பொத்தான்களை அழுத்தியே அமைத்துக்கொள்ள உதவும் 'ஃப்ரீ பி.பி.எக்ஸ்.' என்ற மென்பொருளும் உண்டு. ஆஸ்டரிஸ்க் பணியில் பங்கு கொண்டிருந்த ஆந்தனி மினஸேல் என்பவர், 2006-இல் 'ஃப்ரீ ஸ்விட்ச்' என்ற மற்றொரு மென்பொருளை வெளியிட்டார்.

இவை திறந்த மென்பொருள்கள் எனப்படும். இச்சொல்லின் பொருள் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். தம் நிலத்தில் விளைந்த தானியத்தில் விதைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்ளும் உழவர், அடுத்த ஆண்டு அதை விதைக்க எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுத்து அந்த விதையை மேம்படுத்தலாம். அதுபோலவே திறந்த மென்பொருளை எவரும் உபயோகிக்கலாம், அது வேலை செய்யும் முறையை ஆராயலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருக்கும் வழங்கலாம். பத்து உள் இணைப்புகளைப் பன்னிரண்டாக்க வேண்டுமானால் மென்பொருளுக்கென்று மறுபடியும் பணம் கட்டவேண்டியதில்லை. ஒரு நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால் மென்பொருள் பயனற்றுப் போய்விடுவதும் இல்லை. ஆனால் விதை சும்மா கிடைத்துவிட்டதால் பயிர் தானே விளைந்துவிடாது. உழவும் களையெடுப்பும் காவலும் உழவருடையனவே. இங்கும் அப்படித்தான்.

குரல் இணையத்தில் செல்லும் விதம்

பழைய முறையில், பேசும் இருவருக்கும் இடையே பேச்சு முடியும்வரை ஒரு பாதை முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்படும். இணைய முறையில் அவ்வாறு ஒதுக்கப்படுவதில்லை. குரல் விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக மாற்றப்படுகிறது. அந்த எண்கள் சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின்மேலும் சேரவேண்டிய முகவரி எழுதப்பட்டு அனுப்பப்படுகின்றன. 20 மில்லி விநாடிப் பேச்சு ஒரு பொட்டலம் ஆவது சாதாரண வழக்கம். அக்கணக்கில் விநாடிக்கு 50 பொட்டலங்கள் செல்லும். மறுமுனையில் அவை வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் குரலாகின்றன.

இதில் இரு வேலைகள் உண்டு. மணியடிக்கச் செய்வது, எடுத்தாரா என்று அறிவது, பேச்சு முடிந்தபின் இணைப்பைத் துண்டிப்பது ஆகியவை ஒரு வேலை. இதற்குரிய பொது விதிமுறை 'எஸ்.ஐ.பி.' எனப்படும். அது முதலில் 1999-லும், இன்று வழங்கும் வடிவில் 2002-லும் வெளியிடப்பட்டது. குரலைச் சுமந்து செல்வது மற்றொரு வேலை. அதற்குரிய விதிமுறை 'ஆர்.டி.பி.' எனப்படும். இவை எல்லோருக்கும் பொதுவான விதிகளாதலால், ஒரு நிறுவனம் செய்த தொலைபேசியை வேறொருவர் எழுதிய மென்பொருளோடு சேர்த்து உபயோகிக்க முடிகிறது.

'ஜி.711' என்ற வழக்கமான முறையில் குரல் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் இடம் பிடிக்கும். முகவரிச் சீட்டுகளின் கனத்தையும் சேர்த்தால் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 80 முதல் 90 கிலோபிட் வேண்டும். ஒரே சமயத்தில் பத்துப் பேர் வெளியாரோடு பேசினாலும் ஏறத்தாழ ஒரு மெகாபிட் போதும். ஆகவே அதிவேக இணைப்பு அவசியமில்லை. தடையில்லாத இணைப்பே அவசியம். ஒருவர் பேசியது மறுமுனையை அடைய 150 மில்லி விநாடிக்குமேல் ஆனால், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவர். ஒரே இணைப்பில் ஒருவர் சினிமா பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு அறுபடும். எனவே குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை தருமாறு ரவுட்டரில் ஏற்பாடு செய்யவேண்டும்.

தேவையான சாதனங்கள்

முதலாவது, மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர். எட்டுப் பத்துப் பேர் உள்ள காரியாலயத்திற்கு, உள்ளங்கையில் அடங்கும் சிறு கம்ப்யூட்டரே போதுமானது. இரண்டாவது, உள் தொலைபேசிகள். இதற்கெனச் செய்யப்பட்ட ஐ.பி. தொலைபேசிகள் கடைகளில் கிடைக்கின்றன. கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் விலையில்லாச் செயலியை ஏற்றி, அவற்றையே உள் தொலைபேசியாகவும் உபயோகிக்கலாம். மூன்றாவது, இவற்றைச் சேர்க்கும் ஸ்விட்ச்சும் கம்பிகளும். நான்காவது, வெளியுலகத்தோடு தொடர்பு தரும் இணைப்பு.

ஏற்கெனவே உள்ள பழைய தொலைபேசிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய தொலைபேசியை ஒரு பக்கத்திலும் கம்ப்யூட்டர் கம்பியை மறுபக்கத்திலும் செருகும் சிறு பெட்டி உண்டு, அதற்கு ஏ.டி.ஏ. என்று பெயர். அதுபோலவே, தொலைபேசி நிறுவனம் தந்துள்ள பழைய கம்பி இணைப்பைப் புதிய நிலையத்தோடு சேர்க்கவும் பெட்டிகள் உண்டு. பெரிய காரியாலயங்களில் பி.ஆர்.ஐ. என்னும் இணைப்பு இருக்கலாம். அந்த ஓர் இணைப்பில் ஒரே சமயத்தில் 30 பேர் பேச இயலும். அதையும் உரிய பெட்டியின் வாயிலாக இணைக்கலாம். இவை எதுவும் இல்லாத இடத்தில், உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து எஸ்.ஐ.பி. டிரங்க் என்னும் இணைய வழி இணைப்பைப் பெறலாம். மக்கள் அறிந்த பழைய எண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்வது நலம்.

அழைப்பின் வழியை முதலில் காகிதத்தில் எழுதுக

சாதனங்களை வாங்கிவிட்டு, பிறகு என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் பலர். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்கவேண்டும். ஆஸ்டரிஸ்க்கில் டயல் பிளான் என்னும் கட்டளைத் தொகுதி உண்டு. எந்த எண் வந்தால் எங்கே மணியடிக்கவேண்டும், எவ்வளவு நேரம் அடிக்கவேண்டும், எடுக்காவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக எழுதப்படுகிறது. அது இயந்திர மொழியில் எழுதப்பட்ட காரியாலய நடைமுறையே ஆகும். நடைமுறை இன்னதென்று அங்கத்தினர்கள் தீர்மானிக்காவிட்டால், மென்பொருளை அமைக்க வருபவர் தமக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போய்விடுவார்.

உதாரணமாக, எட்டுச் சிப்பந்திகள் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து அழைப்பு வந்தவுடன், "வணக்கம். உர இருப்பு அறிய 1, கடன் பிரிவுக்கு 2, பால் கணக்குக்கு 3" என்ற குரல் ஒலிக்கிறது. 2 அழுத்தினால் கடன் பிரிவு எழுத்தரின் மேஜையில் மணியடிக்கும். 20 விநாடிக்குள் அவர் எடுக்காவிடில் அடுத்த எழுத்தருக்குச் செல்லும். அவரும் எடுக்காவிடில் காரியதரிசிக்குச் செல்லும். அவரும் இல்லையென்றால், அழைத்தவர் தம் பெயரையும் விஷயத்தையும் சொல்லிவைக்கலாம். அந்த ஒலிப்பதிவு மின்னஞ்சலில் காரியதரிசிக்கு வந்து சேரும்.

இங்கே மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. எந்த எண்ணையும் அழுத்தாமல் காத்திருப்பவருக்கு ஒரு மனிதர் கட்டாயம் பதில் சொல்லவேண்டும். கண் பார்வை மங்கிய முதியவர்களும், இத்தகைய குரலுக்குப் பழகாதவர்களும் நம் கிராமங்களில் உண்டு. "இதற்கு 1, அதற்கு 2" என்று ஒன்பதுவரை அடுக்கிச் சொன்னால், கேட்பவர் முதலாவதை மறந்துவிடுவார். நான்கிற்குமேல் போகாதிருப்பது நல்லது. அறிவிப்புகளை ஊரார் பேசும் தெளிவான தமிழில், நிதானமாகப் பேசக்கூடிய உள்ளூர் ஆசிரியரையோ சிப்பந்தியையோ கொண்டு பதிவு செய்யலாம். மென்பொருளோடு வரும் ஆங்கில அறிவிப்புகளை நீக்கிவிட்டு நம் பதிவுகளை அந்த இடத்தில் வைக்க எவ்விதத் தடையும் இல்லை.

தொலைபேசி வழியே உழவர்க்கு உதவும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. மத்திய அரசாங்கம் 2004-ஆம் ஆண்டு ஜனவரி 21-இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையம், 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை, 22 மொழிகளில் விவசாயக் கேள்விகளுக்குப் பதில் அளித்துவருகிறது. குஜராத்தில் 2009-இல் 'அவாஜ் ஓட்லோ' என்ற சோதனை ஒன்று நடைபெற்றது. குரல் திண்ணை என்பது அப்பெயரின் பொருள். 51 சிறு விவசாயிகள் ஏழு மாத காலம் தொலைபேசியில் தங்கள் கேள்விகளைப் பதிவு செய்தும், பிறருடைய கேள்விகளையும் பதில்களையும் கேட்டும் வந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவ்வாறு பங்கு கொள்ளலாம் என்பதே குரல் முறையின் சிறப்பாகும்.

பதிவேடுகளோடு இணைத்தல்

இந்நிலையம் ஒவ்வோர் அழைப்பையும் தானே குறித்துக்கொள்கிறது. அழைத்த எண், நேரம், பேசிய கால அளவு, எடுக்கப்பட்டதா இல்லையா என்பவை எல்லாம் அதில் இருக்கும். மாதக் கூட்டத்தில் தலைவர் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். எத்தனை அழைப்புகள் வீணாயின, எந்த நேரத்தில், எந்தப் பிரிவில் என்பது அதில் தெரியும். எடுக்கப்படாத எண்களை மாலையில் ஒரு சிப்பந்தி திரும்ப அழைக்கவேண்டும் என்று விதி செய்தால், பஸ் ஏறி வரவேண்டிய பலருக்கு அந்தச் சிரமம் நீங்கும்.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஆஸ்டரிஸ்க்கில் வெளி நிரல்களோடு பேசுவதற்கு வாசல்கள் உண்டு, ஏ.ஜி.ஐ. என்பது அவற்றுள் ஒன்று. மனுக்களின் பதிவேடு கம்ப்யூட்டரில் இருக்குமானால், அழைப்பவர் தம் மனுவின் எண்ணை அழுத்தியவுடன், நிலையம் பதிவேட்டைப் பார்த்து, "உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது" என்றோ "உத்தரவு தயாராக உள்ளது" என்றோ சொல்லும்படி அமைக்கலாம். எண்களைச் சொல்ல, பூஜ்யம் முதல் ஒன்பதுவரை பத்துச் சொற்களைப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்தாலே போதும். ஆனால் பதிவேட்டை அன்றன்று எழுதாத காரியாலயத்தில் இந்த வசதி, பழைய செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஆகவே பதிவேட்டை முதலில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, பிறகே இதில் இறங்கவேண்டும். பேச்சுகளை ஒலிப்பதிவு செய்வதானால், அவ்வாறு செய்யப்படுவதை அழைப்பவருக்கு முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும்.

மெக்ஸிகோ கிராமம் ஒன்றின் அனுபவம்

திறந்த மென்பொருளைக் கொண்டு ஓர் ஊரே தொலைபேசி நிலையம் நடத்திய செய்தி மெக்ஸிகோ நாட்டிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் வஹாக்கா ராஜ்யத்து மலைப் பகுதியில், வில்லா தாலேயா தே காஸ்த்ரோ என்ற கிராமம் இருக்கிறது. ஜனத்தொகை குறைவு என்பதால் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் அங்கே கோபுரம் அமைக்க முன்வரவில்லை. ரைஸோமாட்டிகா என்ற அமைப்பின் துணையோடு 2013-இல் கிராம மக்கள் தாமே ஒரு சிறிய கைப்பேசி வலையை நிறுவினர். அந்த முறையில் அழைப்புகளை இணைக்கும் வேலையை, மேலே குறிப்பிட்ட ஃப்ரீ ஸ்விட்ச் மென்பொருள் செய்தது. ஊருக்குள் பேச அற்பச் சந்தா. வெளியூருக்கும் அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினருக்கும் பேசுவதற்கு இணைய வழி இணைப்பு.

வலையின் தாங்கும் சக்தி குறைவாக இருந்தபடியால், ஒருவர் நெடுநேரம் பேசினால் மற்றவருக்கு இடம் கிடைக்காது. ஆகவே ஒரு பேச்சுக்கு ஐந்து நிமிஷம் என்று வரம்பு கட்டப்பட்டது. எல்லோருக்கும் சொந்தமான ஏரியில் நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது நம் ஊர்களில் உள்ள வழக்கம். தாலேயா மக்கள் தொலைபேசிக்கும் முறை வைத்துக்கொண்டனர். 2016-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு அதிகார அமைப்பு, பழங்குடிச் சமூகங்களின் இத்தகைய வலைகளை நடத்தும் சங்கம் ஒன்றிற்குச் சட்டபூர்வமான உரிமம் வழங்கியது.

எச்சரிக்கையாக இருக்கவேண்டியவை

மின்சாரம்: பழைய கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சக்தி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது, ஊரில் மின்சாரம் நின்றாலும் அது பேசியது. இணையத் தொலைபேசி அவ்வாறன்று. கம்ப்யூட்டர், ஸ்விட்ச், ரவுட்டர், தொலைபேசி ஆகிய நான்கில் ஒன்றுக்கு மின்சாரம் இல்லையெனினும் பேச்சு நின்றுவிடும். கம்பி வழியாகவே தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச்சுகள் உண்டு. அத்தகைய ஸ்விட்ச்சை வாங்கி, அதையும் கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் ஒரே யு.பி.எஸ். பெட்டியில் இணைத்துவிட்டால் எல்லாத் தொலைபேசிகளும் இயங்கும். தீ விபத்து, நோய் முதலிய அவசரங்களுக்கென்று ஒரு சாதாரணக் கைப்பேசியைத் தனியே வைத்திருப்பதும் அவசியம்.

ஒரு பக்கப் பேச்சு: மணியடிக்கும், எடுத்தும் பேசுவர், ஆனால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. புதிய அமைப்புகளில் அடிக்கடி காணும் குறை இது. உள்ளே இருக்கும் சாதனங்களின் முகவரிகளை ரவுட்டர் வெளியாருக்கு மறைத்துவிடுவதால், குரல் பொட்டலங்கள் வழி தெரியாமல் திகைத்து நிற்கின்றன. காரியாலயத்தின் வெளி முகவரியையும் உள் முகவரியையும் மென்பொருளுக்குச் சரியாகத் தெரிவித்தால் பெரும்பாலும் இக்குறை நீங்கும்.

திருட்டு: இதுவே மிக முக்கியமானது. காவலில்லாத நிலையங்களை இரவும் பகலும் இணையத்தில் தேடித் திரியும் கூட்டத்தார் இருக்கிறார்கள். 101 என்ற இணைப்புக்கு 101 என்பதே ரகசியச் சொல்லாக இருந்தால், அவர்கள் சில நிமிஷங்களில் உள்ளே புகுந்து, காரியாலயம் மூடியிருக்கும் இரவு நேரத்தில் வெளிநாடுகளில் உள்ள அதிகக் கட்டண எண்களுக்குப் பேச்சுகளை அனுப்புவர். மாத முடிவில் அந்தத் தொகை காரியாலயத்தின் கணக்கில், அதாவது பொதுப் பணத்தில், வந்து விழும். ஆகவே ஒவ்வோர் இணைப்புக்கும் நீளமான, ஊகிக்க முடியாத ரகசியச் சொல் வேண்டும். நிலையத்தை நேரடியாக இணையத்தின் முன் நிறுத்தக்கூடாது. வெளிநாட்டு அழைப்புகள் தேவையில்லையெனில், தொலைபேசி நிறுவனத்திடமே எழுத்து மூலம் சொல்லி அவற்றை நிறுத்திவிட வேண்டும். கட்டணத்திற்கு உச்சவரம்பும் விதிக்கவேண்டும். தவறான ரகசியச் சொல்லைப் பலமுறை முயல்பவரைத் தானே தடுக்கும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன, அவற்றையும் உபயோகிக்கவேண்டும்.

சட்டம்: நம் நாட்டில் பொதுத் தொலைபேசிகளோடு இணைப்பு தரும் அதிகாரம் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே உண்டு. காரியாலயத்திற்குள் நம் உபயோகத்திற்காக நிலையம் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் உரிமமின்றி இணைய அழைப்புகளைப் பொது வலையில் புகுத்தி விற்பது குற்றமாகும். மலிவாக இணைப்புத் தருகிறோம் என்று வரும் இடைத்தரகர்களிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லவேண்டும்.

பழைய குறிப்புகள்: இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிக் குறிப்புகள் காலம் கடந்தவை. ஆஸ்டரிஸ்க்கில் நெடுங்காலம் வழங்கிய பழைய எஸ்.ஐ.பி. பகுதி, 2023-இல் வெளிவந்த 21-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, பி.ஜே.எஸ்.ஐ.பி. என்ற புதிய பகுதியே இப்பொழுது உண்டு. அமைப்பவர் இதனை அறிந்தவராக இருக்கவேண்டும்.

எவருக்கு ஏற்றது?

ஒரே எழுத்தரும் ஒரே அறையும் உள்ள கிராமப் பஞ்சாயத்துக்கு இத்தகைய நிலையம் தேவையில்லை. எல்லோரும் அறிந்த ஒரு கைப்பேசி எண்ணும், வந்த அழைப்புகளை எழுதும் ஒரு நோட்டுப் புத்தகமும் அங்கே போதும். பல பிரிவுகள் உள்ள பஞ்சாயத்து யூனியன் காரியாலயம், கூட்டுறவுச் சங்கம், பால் சங்கம், விற்பனைக் கூடம், மருத்துவமனை ஆகியவற்றிற்கு இது பயன் தரும். இணைய வசதி உள்ள பல கிளைகளை ஒரே நிலையத்தில் சேர்த்துவிட்டால், ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குப் பேசத் தனிக் கட்டணம் இராது. கிராமப் பஞ்சாயத்துக்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி மூலம் இணையம் கொண்டு செல்லும் திட்டத்தை 2011 அக்டோபரில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்தது. 2015 முதல் அது பாரத்நெட் என்று அழைக்கப்படுகிறது. அந்தக் கம்பி வந்து சேர்ந்துள்ள ஊர்களில், அது தடையின்றி வேலை செய்கிறதா என்பதை ஒரு மாத காலம் கவனித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு முடிவு செய்வது விவேகம்.

முடிவு செய்த இடங்களில், பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம். முதலில், இப்பொழுது வரும் அழைப்புகளை இரண்டு வாரம் எண்ணி, எவை எதற்காக வருகின்றன என்று எழுதுக. பின்னர், அழைப்பு செல்லவேண்டிய வழியைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுக. இரண்டு மேஜைகளில் மட்டும் ஒரு மாதம் சோதனை செய்க. அதுவரை பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். அமைத்துத் தருபவரிடமிருந்து ரகசியச் சொற்கள், அமைப்பின் நகல், சாதனங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் பெற்றுக் காரியாலயத்தில் பத்திரப்படுத்துக. அவை அவரிடமே இருந்துவிட்டால், மென்பொருள் திறந்ததாக இருந்தும் பயனில்லை. நிலையம் அவருடையதாகவே இருக்கும். கடைசியாக, சிப்பந்திகளில் ஒருவருக்காவது இதில் பயிற்சி அளித்து, அவர் மாற்றலாகிச் செல்லும்பொழுது அடுத்தவருக்குக் கற்பித்துவிட்டே செல்லும்படி ஏற்பாடு செய்க.

மென்பொருளுக்கு விலை இல்லை. ஆயினும் சாதனங்கள், இணைப்புக் கட்டணம், பராமரிப்பு, பயிற்சி ஆகியவற்றிற்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கவேண்டும். இவற்றை எல்லாம் செய்தபின்னரும், மணியடிக்கும்பொழுது எடுத்து அன்போடு பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். எடுக்கப்படாத அழைப்புகளின் பட்டியலை மாதந்தோறும் கேட்டுப் பார்க்கும் அங்கத்தினர்கள் வேண்டும். இவ்விரண்டும் வாய்த்த காரியாலயத்தைத் தேடி ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வரும் விவசாயிகளின் தொகை நிச்சயமாகக் குறையும்.